ஒரு முறை சொல்லப்பட்டது

கவிதையில் அர்த்தத்துக்கு முன்னால் ஒலி வந்து சேர்ந்துவிடுகிறது என்று நான் சில வருஷங்களாகச் சொல்லியும் எழுதியும் வருகிறேன். இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படிக்கிற இருநூறு முந்நூறு பேருக்கு இது என்னுடைய பிடிவாதங்களில் ஒன்று என்று தெரியும். நண்பர்கள் சிலர் எதிர்த்து எழுதினார்கள். அவர்களுக்கு நான் அளித்த பதில்களில் காரத்துக்குக் குறைவில்லை. இப்போது அந்த அபிப்பிராயத்தை ஓரளவுக்குத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருத்தம் புத்தகங்களிலிருந்து வரவில்லை. சூடானில் பதினாறு நாள் சுற்றியதிலிருந்தும், அதற்கு மூன்றரை வருஷம் கழித்து வந்த ஒரு குரலிலிருந்தும் வந்தது. இதைப் பயணக் கட்டுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தவற்றின் விவரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2019 நவம்பரில் போனேன். என் அக்காளின் கணவர் அப்போது கார்ட்டூமில், எள்ளும் அரபுப் பிசினும் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருந்தார். அந்த ஏப்ரலில்தான் முப்பது வருஷம் ஆண்ட ஓமர் அல் பஷீர் வீழ்ந்திருந்தார். ஜூன் 3ஆம் தேதி ராணுவத் தலைமையகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆகஸ்டில் ராணுவமும் சிவிலியன்களும் சேர்ந்து ஓர் இடைக்கால அரசு அமைத்திருந்தார்கள். சுவரெங்கும் இறந்துபோன இளைஞர்களின் முகங்களை வரைந்து வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தடையினால் நம் வங்கி அட்டைகள் எதுவும் அங்கே செல்லாது. வங்கியில் வேலை பார்க்கிற நான் டாலர் தாள்களைச் சட்டையின் உள்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு போனேன்.

எனக்குச் சூடான் என்பது அதுவரை தாயிப் ஸாலிஹ்தான். 1966இல் வெளிவந்த அவருடைய நாவலைக் கல்லூரி நாட்களில் ஆங்கிலத்தில் படித்திருந்தேன். நைல் கரையில் ஒரு கிராமம், லண்டனிலிருந்து திரும்பி வந்தவனின் ரகசியம், பூட்டிய ஓர் அறை. ஒரே ஒரு நாவலை வைத்துக்கொண்டு ஒரு தேசத்துக்குப் போகிறவனுக்கு எல்லா வீடுகளிலும் பூட்டிய அறை ஒன்று இருப்பதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. நான் பார்த்த வீடுகளில் கதவுகள் திறந்தே கிடந்தன. முற்றத்தில் கயிற்றுக் கட்டில்கள் கிடந்தன. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள்.

என்னைச் சுற்றிக் காட்டியவர் ஓய்வு பெற்ற ஒரு பூகோள ஆசிரியர். அறுபத்தைந்து வயதிருக்கும். பென்ஷன் போதாமல் ஒரு பழைய டொயோட்டாவை வாடகைக்கு ஓட்டினார். அத்தானின் நிறுவனத்துக்கு வாடிக்கையாக வருகிறவர். எல்லோரும் அவரை உஸ்தாஸ் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'யா ஸோல்' என்பார். ஆளே, மனுஷனே என்பது போல ஒரு விளி. சூடான்காரர்களை மற்ற அரபு தேசங்களில் இந்த ஒரு சொல்லை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார்களாம். என்னோடு நல்ல ஆங்கிலம் பேசினார். அத்தானோடு அரபு மட்டும்தான். அத்தானை 'யா முதீர்' என்பார். முதீர் என்றால் நிர்வாகி. கணக்கர்தான் என்று அத்தான் எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

சூடானில் இரண்டு பேர் சந்தித்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும். கை ஒருவர் தோளில் ஒருவர் போகிறது. கேஃப்? தமாம்? குவைஸ்? வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, உடம்பு எப்படி, ஊர் எப்படி. பதிலுக்காக ஒருவரும் நிற்பதில்லை. இரண்டு குரல்களும் ஒரே சமயத்தில் கேட்கின்றன, ஒரே சமயத்தில் 'தமாம், அல்ஹம்துலில்லாஹ்' என்கின்றன. மறுபடி முதலிலிருந்து. ஒரு டீக்கடைப் பெண்ணோடு உஸ்தாஸ் இப்படிப் பேசி முடிக்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவள் இஞ்சி போட்ட காப்பியை மண்கூஜாவிலிருந்து ஊற்றி எங்கள் கையில் கொடுத்துவிட்டாள். இவ்வளவு கேள்விகளுக்கும் உண்மையான பதில் ஒன்றாவது வருமா என்று கேட்டேன். "இவை கேள்விகள் இல்லை" என்றார். "கதவைத் தட்டுவது. கெட்ட செய்தி இருந்தால் இதெல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வோம். அவசரமானாலும் அப்படித்தான்."

இந்த வாக்கியத்தை அன்று இரவே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இப்போதும் இருக்கிறது.

*

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஓம்துர்மானில் ஹாமித் அந்நீல் அடக்கத்தலத்துக்கு அழைத்துப் போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த காதிரிய்யா ஞானி ஒருவரின் கல்லறை. சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை சாதாரண மனிதர்களின் மண்மேடுகள். அவற்றுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. கொடிகளோடும் பறைகளோடும் ஓர் ஊர்வலம் வந்து சேர, வெள்ளை ஜலாபிய்யா அணிந்தவர்கள் பெரிய வட்டமாக நின்றுகொண்டார்கள். வட்டத்துக்குள்ளே பச்சையும் சிவப்புமாக ஒட்டுப்போட்ட அங்கிக்காரர்கள் சிலர். சாம்பிராணிப் புகையோடு ஒருவர் சுற்றி வந்தார். நான்கு பக்கமும் புழுதி.

முதலில் அது ஒரு வாக்கியமாக இருந்தது. லா இலாஹ இல்லல்லாஹ். பள்ளிவாசல் உள்ள தெருவில் வளர்ந்த எந்தத் தமிழனுக்கும் தெரிந்த வாக்கியம்தான். வட்டம் அசைய அசைய வேகம் கூடியது. கால் மணி நேரத்தில் வாக்கியம் போய்விட்டது. சொற்கள் மட்டும் மீதியிருந்தன. பிறகு சொற்களும் போய் ஒற்றை அசை. கடைசியில் நூற்றுக்கணக்கான மார்புகளிலிருந்து ஒரே நேரத்தில் வெளியேறும் மூச்சு மட்டும். சூரியன் கல்லறைகளுக்குப் பின்னால் இறங்கியதும் சட்டென்று நின்றது. எல்லோரும் மக்ரிப் தொழுகைக்கு வரிசையில் நின்றுகொண்டார்கள்.

எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அர்த்தம் கரைந்து ஒலி மட்டும் நிற்கும் ஸ்தானம் இதுதான், நான் கவிதையில் தேடுவது இதைத்தான் என்று காரில் உஸ்தாஸிடம் சொன்னேன். அவர் இடதுசாரி நண்பர்களோடு படித்து வளர்ந்தவர். எந்தத் தரீக்காவிலும் சேர்ந்தவர் இல்லை. அவருடைய தகப்பனார் சேர்ந்திருந்தார். சற்று நேரம் பேசாமல் ஓட்டிவிட்டுச் சொன்னார்: "நீ கேட்டது ஒலி. அவர்களுக்கு அர்த்தம் முன்பே தெரியும். தெரிந்ததைத்தான் கரைக்க முடியும். தெரியாததை என்ன செய்து கரைப்பது?"

இது ஓர் ஆசிரியரின் பதில் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரவு மௌலித். நபிகள் பிறந்த மாதத்தின் முதல் பன்னிரண்டு இரவுகளும் ஓம்துர்மானில் கலீஃபா மைதானத்தில் கொண்டாட்டம். எனக்குக் கடைசிச் சில இரவுகள்தான் கிடைத்தன. 1898இல் கிச்சனரின் பீரங்கிகள் உடைத்து, 1947இல் திரும்பக் கட்டப்பட்ட மஹ்தியின் சமாதிக் கூரை பக்கத்தில் தெரிகிறது. மைதானம் முழுவதும் கூடாரங்கள். ஒவ்வொரு தரீக்காவுக்கும் ஒன்று: காதிரிய்யா, ஸம்மானிய்யா, கத்மிய்யா, திஜானிய்யா. எல்லாவற்றிலும் வண்ண விளக்குகள், ஒலிபெருக்கிகள், வெவ்வேறு தாளம். இரண்டு கூடாரங்களுக்கு நடுவே நின்றால் காதில் விழுவது எதுவும் புகழ்ப்பாட்டாக இல்லை, சந்தை இரைச்சல்தான். யாருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகள் குடைராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். கடைகளில் சர்க்கரையில் வார்த்த பொம்மைப் பெண்களும் குதிரைகளும், கொண்டைக்கடலை மிட்டாயும், எள்ளு மிட்டாயும் குவிந்து கிடந்தன. சிம்சிமிய்யா என்று அவர்கள் சொல்வது நம் ஊர் எள்ளு மிட்டாயேதான். அக்காள் பிள்ளைகளுக்கென்று உஸ்தாஸ் ஒரு பொட்டலம் வாங்கினார். காசு நான் கொடுக்கிறேன் என்றதற்கு முகம் சுளித்தார்.

இந்த மைதானத்தில் 2012இல் மௌலித் சமயத்தில் சூஃபிகளுக்கும், இந்த விழாவே மார்க்க விரோதம் என்கிற சலஃபிகளுக்கும் கைகலப்பு நடந்திருக்கிறது. அதை உஸ்தாஸ் எனக்கு நிதானமாக விவரித்தார். ஒரு கட்சி ஒலியை வைத்துக்கொண்டு பரவசப்படுகிறது, மற்றது எழுத்துக்கு எழுத்து அர்த்தம் கேட்கிறது என்று நான் அதையும் என் சௌகரியத்துக்கு மாற்றிக்கொண்டேன். நம் விமர்சனச் சண்டைகளை எங்கு போனாலும் மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்த மைதானத்தில் அடிபட்டவர்கள் மண்டையில் அடிபட்டவர்கள்.

*

இடிபாடுகளைப் பார்க்க வடக்கே போனோம். தார்ச்சாலையை விட்டு இறங்கி மணலில் வெகுதூரம் போனால் நகா. கி.பி. முதல் நூற்றாண்டில் நதகமானி என்ற அரசனும் அமனிதோரே என்ற அரசியும் கட்டிய சிங்கக் கோயில் அங்கே நிற்கிறது. முகப்புச் சுவரின் ஒரு பாதியில் அரசன் எதிரிகளை அடிக்கிறான். மறு பாதியில் அரசியும் அதே உயரத்தில், அதே ஓங்கிய கையோடு அடிக்கிறாள். கனத்த இடுப்பு, நீண்ட நகங்கள். கோயில் அபெதெமாக் என்ற தெய்வத்துக்கு. மனித உடல், சிங்க முகம். பின் சுவரில் அவனுக்கு மூன்று தலை, நான்கு கை.

தமிழ்நாட்டிலிருந்து போனவனுக்கு இதைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் நரசிம்மர்தான் தோன்றினார். அங்கே தொல்லியல் ஆணையராக இருந்த ஆர்க்கெல் என்ற ஆங்கிலேயரே இந்தியச் செல்வாக்கைச் சந்தேகித்திருக்கிறார். உலகத்தின் எந்த மூலையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் தமிழ் இருக்கிறது என்று நிறுவும் நம்மவர்களுக்கு இது போதும். ஒரு மாநாடே நடத்திவிடுவார்கள். ஆனால் சுவருக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றால் விஷயம் வேறு என்று தெரிகிறது. தெய்வத்துக்கு ஒரு பக்கம் அரசன் நிற்கிறான், மறு பக்கம் அரசி நிற்கிறாள். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு தலை இந்தப் பக்கம், ஒரு தலை அந்தப் பக்கம், நடுவில் ஒன்று நேராக. ஆய்வாளர்களும் இப்போது இதையே சொல்கிறார்கள். அந்தச் சுவருக்கு ஏற்பட்ட ஒரு பிரச்சினைக்கு அந்தச் சிற்பி கண்ட தீர்வு அது. மற்ற இடங்களில் அவன் ஒற்றைத் தலையோடுதான் இருக்கிறான்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆழ்கிணறு. கழுதைகளைக் கயிற்றில் பூட்டி ஓட்ட, தோல்பை மேலே வருகிறது. ஆடுகளும் ஒட்டகங்களும் சுற்றி நின்றன. வாரக்கணக்கில் நடந்து வந்த மேய்ப்பர்கள். உஸ்தாஸ் அவர்களோடு தமாம், குவைஸ் என்று தொடங்கினார். நான் கோயிலுக்கே திரும்பிப் போய்ப் படம் எடுத்தேன்.

சாலையோரத்தில் ஆங்காங்கே மரத்தடியில் பெரிய மண்பானைகளை மரச்சட்டத்தில் வைத்து மூடி வைத்திருந்தார்கள். போகிறவர் வருகிறவர் குடிக்கத் தண்ணீர். ஒரு தகரக் குவளை கயிற்றில் கட்டியிருந்தது. இறந்தவர்களின் பெயரில் குடும்பத்தார் வைப்பது என்றார் உஸ்தாஸ். நம் தண்ணீர்ப் பந்தல்தான், நிரந்தரமாக.

மெரோவேக்கு மாலையில் போய்ச் சேர்ந்தோம். கார்ட்டூமிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். மணல்மேடுகளுக்கு நடுவே வரிசையாகப் பிரமிடுகள், எகிப்தில் உள்ளவற்றைவிடச் சிறியவை, செங்குத்தானவை. பலவற்றுக்கு உச்சி இல்லை. 1834இல் ஃபெர்லினி என்ற இத்தாலிய மருத்துவன் புதையல் தேடி வந்தான். அமனிஷகேதோ என்ற அரசியின் பிரமிடில் அவனுக்குத் தங்கம் கிடைத்தது. அந்த நகைகள் இன்று ம்யூனிக்கிலும் பெர்லினிலும் இருக்கின்றன. ஒவ்வொரு பிரமிடுக்கும் கிழக்கு முகமாக ஒரு சிறு வழிபாட்டறை. காற்று மணலை உள்ளே கொண்டுவந்து முழங்கால் உயரம் நிரப்பியிருந்தது.

இந்த மக்களுக்குச் சொந்தமாக ஓர் எழுத்து இருந்தது. இருபத்து மூன்று குறிகள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டோ மூன்றோ புள்ளிகள். நதகமானி, அமனிதோரே என்ற பெயர்கள் எகிப்திய எழுத்திலும் இவர்கள் எழுத்திலும் சேர்ந்து பொறிக்கப்பட்ட ஒரு கல் கிடைத்தது. அதன் துணையோடு கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் 1909க்கும் 1911க்கும் இடையில் எல்லாக் குறிகளின் ஒலியையும் கண்டுபிடித்துவிட்டார். அதாவது, நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மொழியை யாரும் உரக்க வாசிக்கலாம். புரிந்துகொள்ளத்தான் முடியாது. நூபிய மொழிகளோடு உறவு உள்ளது என்று க்ளோத் ரில்லி போன்றவர்களின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஆனாலும் அர்த்தம் உறுதியாகத் தெரிந்த சொற்கள் இன்னும் கொஞ்சம்தான்.

எந்தச் சொற்கள் புரிகின்றன என்பதுதான் விஷயம். சாவுக் கல்வெட்டுகள் எல்லாவற்றிலும் ஐஸிஸையும் ஒஸிரிஸையும் விளித்து ஒரே வேண்டுதல் திரும்பத் திரும்ப வருகிறது: இவருக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள், நிறைய ரொட்டி கொடுங்கள். கல்லுக்குக் கல் வருவதால் அது புரிந்துவிட்டது. தண்ணீருக்கான சொல்லைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய 'அதோ' என்று வரும். பாருங்கள், அந்த வியாதி இப்படித்தான் தொடங்குகிறது. அரசிக்கான பட்டம் 'கந்தாகே'. 2019 ஏப்ரலில் வெள்ளைத் துப் உடுத்தி கார் மேல் ஏறி நின்று கூட்டத்தை நடத்திய அலா ஸலாஹ் என்ற பெண்ணை ஊரே கந்தாகா என்றது. ஆனால் ஹமாதாபில் கிடைத்து இப்போது லண்டனில் இருக்கும் நீண்ட கல்வெட்டு போன்றவை, ஒருவேளை ரோமாபுரியோடு நடந்த போரைப் பற்றியவை, பெரும்பாலும் பேசாமல் நிற்கின்றன. திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது புரிகிறது. ஒரு முறை மட்டும் சொல்லப்பட்டது புரியவில்லை.

கந்தாகே என்ற சொல் தமிழில் முன்பே இருக்கிறது, விவிலியத்தில். அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய ராணி கந்தாகேயின் மந்திரி ஒருவன் ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை உரக்க வாசித்துக்கொண்டு போகிறான். எத்தியோப்பியா என்று அங்கே சொல்லப்படுவது இந்த மெரோவேதான். பிலிப்பு ஓடிவந்து, வாசிப்பது புரிகிறதா என்று கேட்கிறான். ஒருவர் சொல்லித் தராமல் எப்படிப் புரியும் என்கிறான் மந்திரி. ஏறி வந்து பக்கத்தில் உட்காரச் சொல்கிறான். இந்தக் கதையை அன்று மணலில் உட்கார்ந்து உஸ்தாஸுக்குச் சொன்னேன். அவருக்குப் பிடித்திருந்தது. "இப்போது ரதத்தில் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள். எங்களவர் ஏடாகிவிட்டார்" என்றார். நான் அதற்கு, புரியாமல் வாசிப்பதிலும் ஒரு பரிசுத்தம் இருக்கிறது என்று ஏதோ சொன்னேன்.

வங்கியில் கையெழுத்துச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பாதிக் கையெழுத்துகளைப் படிக்கவே முடியாது; படிக்க வேண்டியதும் இல்லை. மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போனால் பணம் கொடுக்கலாம். நம் விமர்சனத்தில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். என்னுடையதும் சேர்த்து. ஒரு புதுக்கவிஞன் வந்தால் அவனிடம் திரும்பத் திரும்ப வருவது எது, அது யாரோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து முத்திரை குத்துகிறோம். அவன் ஒரே ஒரு முறை சொன்ன வரி முத்திரைக்கு அடியில் போய்விடுகிறது.

*

2023 ஏப்ரல் 15ஆம் தேதி, நோன்பின் கடைசி வாரத்தில், ராணுவத்துக்கும் விரைவு ஆதரவுப் படை என்ற துணைப்படைக்கும் கார்ட்டூம் நடுவிலேயே போர் தொடங்கியது. ஆறு நாள் கழித்து வந்த பெருநாளைக் குண்டுச் சத்தத்தில்தான் கொண்டாடினார்கள். பஹ்ரியில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நின்றுபோனது. உஸ்தாஸின் வீடு பஹ்ரியில். இந்திய அரசு காவேரி என்று பெயரிட்டு நடத்திய மீட்பில் 3,800க்கு மேற்பட்டவர்கள் போர்ட் சூடான் வழியாக ஜித்தாவுக்கும் அங்கிருந்து ஊருக்கும் வந்தார்கள். அத்தான் அவர்களில் ஒருவர். ஒரு தோள்பையோடு வந்தார். சூடான் தொலைபேசி எண் அதோடு செத்தது.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு ராத்திரி என் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. இரண்டு நிமிஷம் பதினோரு விநாடி. உஸ்தாஸ்தான். அரபில் பேசியிருந்தார். கேஃப், தமாம், குவைஸ், அல்ஹம்துலில்லாஹ். மௌலித் இரவில் கேட்ட குரல், அதே நிதானம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயிரோடு இருக்கிறார் என்பதே செய்தி என்று எடுத்துக்கொண்டேன். தெரிந்த சொற்கள் முதல் அரை நிமிஷத்தில் வந்துவிட்டபடியால் மீதியும் அவற்றின் தொடர்ச்சிதான் என்று என் காது முடிவு செய்துவிட்டது. என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிறவர் ஏன் அரபில் பேசுகிறார் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரபில் பதில் எழுதினேன்: தமாம், அல்ஹம்துலில்லாஹ். சிறிது நேரத்தில் 'ஷுக்ரன்' என்று வந்தது.

அந்த வாரங்களில் நான் கவிதையின் ஒலி பற்றி இந்தப் பத்திரிகைக்கென்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் குரலை இரவுகளில் திரும்பத் திரும்பக் கேட்டேன். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு பாரா எழுதினேன். ஒரு சொல்லும் புரியாத நிலையில் ஒரு மனிதனின் முழு இருப்பையும் குரல் மட்டும் எப்படிக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது என்று. நன்றாகவே எழுதியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் தொடக்கத்தில் அத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், உஸ்தாஸ் குரலைக் கேளுங்கள் என்று போட்டேன். அரை நிமிஷம் வரை சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முடிந்ததும் இன்னொரு முறை போட்டார்.

"இது எப்ப வந்தது மாப்ளே?"

சொன்னேன்.

"நீ என்ன பதில் போட்டே?"

"தமாம்னு போட்டேன்."

அத்தான் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அக்காள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு ஒரு காகிதம் கேட்டு, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, தமிழில் எழுதிக் கொடுத்தார். செய்தி எனக்கு வந்ததே அல்ல. யா முதீர் என்றுதான் தொடங்குகிறது. அதையும் நான் நலம் விசாரிப்பில் சேர்த்துவிட்டேன். உங்கள் எண் கிடைக்கவில்லை, அதனால் மைத்துனருக்கு அனுப்புகிறேன், அவர் உங்களிடம் சொல்வார். வீட்டில் ஏப்ரல் 15லிருந்து தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டில் குண்டு விழுந்தது. மகன் ஜித்தாவில் விசாவுக்கு ஏற்பாடு செய்கிறான். நாங்கள் போர்ட் சூடான் போக வேண்டும். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. உங்கள் நிறுவனத்தின் கிடங்கில் ஓர் இடம் கிடைக்குமா? பெரியவர்கள் மூன்று பேர், குழந்தைகள் இரண்டு. நான்கு இரவு போதும். சரி என்று பதில் வந்தால் கிளம்புகிறோம். இல்லாவிட்டால் இங்கேயே இருப்பது மேல்.

தமாம் என்றால் நலம். தமாம் என்றால் சரி.

அத்தான் அன்றைக்கே போர்ட் சூடான் கிடங்கின் காவலாளியைப் பிடித்தார். இடம் இருந்ததாம், கேட்டிருந்தால். மே மாதக் கடைசியில் ஒரு கிழவர், பெண்கள், குழந்தைகள் என்று ஒரு குடும்பம் வந்து முதீரைக் கேட்டது. முதீர் இந்தியாவுக்குப் போய்விட்டார், எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று இவர் சொல்லியிருக்கிறார். கிழவர் கைப்பேசியைக் காட்டினாராம். இவருக்குப் படிக்கத் தெரியாது. அவர்கள் போய்விட்டார்கள். எந்தப் பக்கம் என்று கவனிக்கவில்லை. அந்த மாதங்களில் போர்ட் சூடான் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் புழுக்கத்தில் படுத்துக் கிடந்தார்கள் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. நான் அதற்குப் பிறகு அனுப்பிய செய்திகள் ஒற்றைக் குறியோடு நிற்கின்றன.

இந்தப் போரில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்திருக்கிறார்கள். கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகத்தை உஸ்தாஸோடு ஒரு பகல் முழுவதும் பார்த்திருக்கிறேன். 2025 மார்ச்சில் ராணுவம் நகரத்தைத் திரும்பப் பிடித்தபோது அங்கே அறைகள் சூறையாடப்பட்டுக் கிடந்தன. தங்கம் எல்லாம் போய்விட்டது. இவ்வளவு பெரிய அழிவில் என்னுடைய ஒரு சொல் என்ன கணக்கு என்று நண்பர் ஒருவர் சமாதானம் சொன்னார். இந்தச் சமாதானமும் மாதிரிக் கையெழுத்து போன்றதுதான், எதோடும் ஒத்துப்போகும்.

அந்தக் கட்டுரையை நான் அனுப்பவில்லை. ஒலி முதலில் வருகிறது என்பதை இப்போதும் மறுக்க மாட்டேன். அது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் முதலில் வந்ததோடு நின்றுவிடுவதை ரசனை என்று பெயர் சூட்டி இத்தனை காலம் நான் காப்பாற்றி வந்திருக்கிறேன். தெரியாததைக் கரைக்க முடியாது என்று காரில் உஸ்தாஸ் சொன்னது வெறும் ஆசிரியரின் பதில் இல்லை. ஒரு கவிஞனிடத்தில் எனக்கு உடனே பிடிபடுவது என் காதுக்கு முன்பே பழக்கமானதாக இருக்கலாம். அவன் எனக்குச் சொல்ல வந்தது, நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, நான் கேட்பதை நிறுத்திவிட்ட இடத்தில் இருக்கலாம். அதற்கு யாரையாவது அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும், அந்த மந்திரியைப் போல. அவனுக்கு அது வெட்கமாக இல்லை.

குரல் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை இப்போது ஒலியாகக் கேட்க என்னால் முடியவில்லை. முப்பதாவது விநாடியிலிருந்து அத்தானின் கையெழுத்தில் கேட்கிறது. பெரியவர்கள் மூன்று பேர், குழந்தைகள் இரண்டு. நான்கு இரவு போதும்.